ஏற்காட்டில் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? செல்ஃப் சத்தத்தில் இருந்து தொடங்குங்கள்

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சேலத்தில் எந்த மெக்கானிக்குக்கு போன் போட்டாலும் அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "செல்ஃப் எடுக்குதாண்ணா, இல்லையா?" செல்ஃப் என்பது சாவியைத் திருப்பியதும் இன்ஜினைச் சுற்றிவிடுகிற மோட்டார். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. செல்ஃப் எடுக்காத வண்டிக்கும், செல்ஃப் நன்றாக அடித்தும் இன்ஜின் பிடிக்காத வண்டிக்கும் நோய் வேறு, வைத்தியம் வேறு. முதல் வகையில் பெட்ரோலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இரண்டாவது வகையில் புது பேட்டரி வாங்கிப் போட்டால் காசுதான் தண்டம்.

இதை முக்கியமாக எழுதுவது, சேலத்தில் இருந்து சனி, ஞாயிறுக்கு ஏற்காடு ஏறி, லாட்ஜ் வாசலிலோ எஸ்டேட் பங்களா பக்கத்திலோ ராத்திரி முழுக்கப் பனியில் வண்டியை விட்டுவிட்டு, காலையில் சாவியைத் திருப்பியதும் முழிப்பவர்களுக்காக. அஸ்தம்பட்டியில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்தும். மலையில் கூடுதலாக இருப்பது சரிவு, அதை முதலில் பார்த்துவிடலாம்.

வண்டி நகராமல் இருக்கட்டும்

பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, சரிவின் கீழ்ப்பக்கமாகச் சக்கரத்துக்கு நல்ல பெரிய கல்லாக ஒன்று அண்டக் கொடுங்கள். ஏற்காட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை. அடிவாரத்தில் இருந்து ஏறும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள், அதில் ஏதாவது ஒன்றில் வண்டி நின்றுவிட்டால் ஹசார்ட் லைட்டைப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பவர்களை இறக்கி ரோட்டை விட்டு ஓரமாக நிற்க வையுங்கள். வளைவில் ஏறும் பஸ் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், அதுவும் பனி இறங்கிவிட்டால் பக்கத்தில் வந்த பிறகுதான் உங்கள் வண்டியே அவர் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்று, பதற்றத்தில் சாவியை விடாமல் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது, அடுத்த தடவைக்கு முன் அரை நிமிடமாவது விட வேண்டும். செல்ஃப் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடுவதற்கென்று செய்த மோட்டார், தொடர்ந்து அடித்தால் சுட்டுப் போகும், இருக்கும் கொஞ்ச பேட்டரியும் இறங்கிவிடும்.

சாவியே திரும்பவில்லை என்றால்

பெரும்பாலும் இது பழுதே இல்லை. சரிவில் நிறுத்தும்போது பாதுகாப்புக்காகச் சக்கரத்தை ஓரக்கல் பக்கம் ஒடித்து நிறுத்தியிருப்போம், ஸ்டியரிங் லாக் அந்த அழுத்தத்தில் இறுகியிருக்கும். ஸ்டியரிங்கை இடமும் வலமும் அழுத்தி ஆட்டிக்கொண்டே சாவியை மெதுவாகத் திருப்புங்கள், விட்டுக்கொடுத்துவிடும். சாவியை முறுக்கி உடைப்பவர்கள்தான் இந்தச் சின்ன விஷயத்தைப் பெரிய செலவாக்குகிறார்கள்.

டிக் டிக் டிக் சத்தமா, மௌனமா?

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கு மங்கி, படபடவென்று டிக் டிக் சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது சக்தி இருந்தும் டெர்மினல், அதாவது பேட்டரியில் வயர் மாட்டும் முனை, வழியாக வரவில்லை. விளக்கே எரியவில்லை என்றாலும் இதே கதைதான்.

உறுதி செய்துகொள்ள ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருவரை முன்னால் நிற்கச் சொல்லாமல், எதிர்ச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் சுருங்கி அணைகிற மாதிரி போனால் பேட்டரி அல்லது டெர்மினல். வெளிச்சம் அப்படியே பளிச்சென்று நிற்கிறது, ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடலாம், கோளாறு செல்ஃப் மோட்டார், அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன சுவிட்சான ரிலே, ஸ்டார்ட் சுவிட்ச் இந்தப் பக்கம் இருக்கிறது.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போயிருந்தால் செல்ஃபை எதிர்பார்க்காதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், நின்றபடி 12.6 காட்டுகிற பேட்டரியாக இருந்தாலும் உள்ளே வலு போய்விட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏற்காட்டுக் குளிர் பேட்டரியைக் கொன்றுவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். டிசம்பர், ஜனவரி விடியற்காலைக் குளிர் ஒரு நல்ல பேட்டரியை ஒன்றும் செய்யாது. அதைக் கெடுத்தது கீழே சேலத்து ஏப்ரல், மே வெயில். 40 டிகிரி வெயிலில், அதற்கு மேல் இன்ஜின் சூட்டில், பேட்டரிக்குள் தகடு அரிப்பதும் தண்ணீர் ஆவியாவதும் வேகமாக நடக்கும். அப்படி வலுவிழந்த பேட்டரியும் சேலத்துச் சூட்டில் இன்ஜின் ஆயில் இளகி இருப்பதால் எப்படியோ வண்டியைக் கிளப்பிவிடும், நமக்கும் தெரியாது. மேலே போனதும் ஆயில் கெட்டியாகி இன்ஜினைச் சுற்ற அதிக பலம் தேவைப்படும், பேட்டரி தரும் பலமோ குளிரில் குறையும், குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் பேட்டரி வாங்கி மூன்று வருடம் தாண்டியிருந்தால், மலை ஏறுவதற்கு முந்தைய வாரமே கடையில் லோடு டெஸ்ட் (பாரம் கொடுத்து பேட்டரியின் வலுவைப் பார்ப்பது) செய்து பார்த்துவிடுவது நல்லது.

பேட்டரி என்று முடிவு கட்டும் முன் டெர்மினலைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். துளி கூட அசையக் கூடாது. நிறைய வண்டிகளில் சாவகாசமாகச் சுற்றும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சூடான தண்ணீரில் சமையல் சோடாவைக் கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும், அந்தப் பொடியை வெறும் கையால் தொடாதீர்கள், அது அமிலம். லாட்ஜ் சமையல்கட்டில் வெந்நீரும் சோடாவும் கேட்டால் தருவார்கள். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது பிளஸை முதலில் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். பெரும்பாலான கார்களுக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும், அதை டிக்கியில் போட்டு வையுங்கள். டெர்மினல் உள்பக்கத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். அப்புறம் செல்ஃப் அடித்துப் பாருங்கள், பல வண்டி இதோடு கிளம்பிவிடும்.

ஜம்ப் கொடுப்பது

கிளம்பவில்லை என்றால் ஜம்பர் கேபிள். உதவிக்கு நிற்கிற வண்டி காராக இருக்க வேண்டும். லாரி, பஸ் பெரும்பாலும் 24 வோல்ட், நல்ல மனதோடு ஒரு டிரைவர் அண்ணன் நிறுத்தி "வாங்க, நான் தரேன்" என்பார், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். 24 வோல்ட்டை 12 வோல்ட் காருக்குக் கொடுத்தால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூ போய்விடும், அது பேட்டரியைப் போலப் பல மடங்கு விலை.

இரண்டு காரும் ஒன்றை ஒன்று தொடாமல் நிற்க வேண்டும். சிவப்பை முதலில் உங்கள் பேட்டரி பிளஸில், மறுமுனையை அவர்கள் பேட்டரி பிளஸில். கறுப்பை அவர்கள் மைனஸில், கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாமல் இன்ஜினில் பெயின்ட் அடிக்காத உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும், கடைசியாக மாட்டும் முனையில் பொறி வரும், இரண்டும் ஓரிடத்தில் சேரக் கூடாது. அவர்கள் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் வண்டியில் செல்ஃப். கிளம்பியதும் மாட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாகக் கழற்றுங்கள்.

கிளம்பிவிட்டது என்று ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு லேடிஸ் சீட் காட்சி முனையில் வண்டியை அணைத்தால் மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள். கீழே இறங்கும் வரை அணைக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும், 12-லேயே நின்றால், இன்ஜின் ஓட்டத்தில் கரண்ட் எடுக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அப்படி இருந்தால் புது பேட்டரி போட்டாலும் சீக்கிரமே இறங்கிவிடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

சரிவு இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், தள்ளிவிடலாம் என்ற ஆசை ஏற்காட்டில் எல்லாருக்கும் வரும். மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும், பேட்டரி இறங்கிய காரணத்துக்கு மட்டும் இது சரிப்படும். ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. பேட்டரி சுத்தமாகச் செத்து டேஷ்போர்டே எரியவில்லை என்றால் மேனுவலிலும் பிரயோஜனமில்லை, டேங்கில் இருந்து எரிபொருளை அனுப்பும் பம்பும் இசியூவும் வேலை செய்யக் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும்.

முறை இதுதான்: சாவியை ஆன் நிலையில் வைத்து, இரண்டாவது கியர் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு, வண்டி ஓடும் வேகத்துக்கு வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, இன்ஜின் பிடித்த உடனே மறுபடி மிதித்துவிட வேண்டும். ஆனால் இதைச் செய்யும் இடம் லாட்ஜ் வளாகத்துக்குள் முடிவில் சமதளம் இருக்கிற சின்னச் சரிவாக இருக்க வேண்டும். மலை ரோட்டில் வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வேக்யூம் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாக நிற்கும், பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். பாதி வழியில் சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் லாக் விழுந்துவிடும். எத்தனையாவது வளைவு என்று எண்ணிக்கொண்டு நியூட்ரலில் அடிவாரம் வரை உருட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரைப் பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள்.

விளக்கு பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் இல்லை

பாதி சமயம் இது மனிதக் கோளாறு. கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் என்று வடிவமைத்த கார்கள் இப்போது நிறைய. கால் மிதியடி முன்னால் நகர்ந்து கிளட்ச் பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தால், பெடல் கடைசி வரை போகாது, சுவிட்ச் அமுங்காது, செல்ஃப் எடுக்காது. மிதியடியை இழுத்துவிட்டு ஓங்கி மிதியுங்கள். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை அழுத்தமாக மிதிக்க வேண்டும், பி (P) நிலையில் எடுக்காவிட்டால் நியூட்ரலுக்கு (N) மாற்றிப் பாருங்கள்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவி இல்லை என்று காட்டினால் சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். பல கார்களில் சிஆர்2032, பேன்சி ஸ்டோரிலேயே கிடைக்கும். அதுவரைக்கும் சாவியாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் பெரும்பாலான கார்கள் ஒத்துக்கொள்ளும். சில மாடல்களில் சாவியை வைக்க வேறு இடம் இருக்கும், கையேட்டில் போட்டிருக்கும்.

இதெல்லாம் சரி, ஒரே ஒரு 'டக்' சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்றால் செல்ஃப் மோட்டார். மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து சிக்கியிருந்தால், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மற்றவர் வீல் ஸ்பேனர் கம்பியால் மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டினால் ஒரு தடவை எடுக்கும். வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு பேரும் பார்த்த பிறகு செய்யுங்கள். அப்படி எடுத்தால் நேராகச் சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில்தான் அணைக்க வேண்டும். பிரஷ் மாற்றுவது சின்னச் செலவு, முழு மோட்டாரையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொரு கடையில் கேட்டுப் பாருங்கள்.

செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இங்கேதான் சுவாரசியம். பெட்ரோல் இன்ஜினுக்கு எரிபொருள், பொறி, காற்று, அழுத்தம் நான்கும் வேண்டும், இதில் நம்மால் சுலபமாகப் பார்க்க முடிவது எரிபொருள்தான்.

கேஜைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். ரிசர்வில் இருக்கும் டேங்க் சமதளத்தில் ஓடும், மூக்கைத் தூக்கிச் சரிவில் நிறுத்தினால் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். வண்டியைச் சமதளத்துக்குத் தள்ளி முயற்சி செய்யுங்கள், இல்லாவிட்டால் சில லிட்டர் வாங்கி ஊற்றுங்கள். பொதுவாகவே கால் டேங்குக்குக் கீழே வைத்துக்கொண்டு மலை ஏறாதீர்கள், டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

அடுத்து பம்ப். ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கதவை மூடி, சாவியை ஆன் வரை மட்டும் திருப்பினால் பின் சீட்டுக்கு அடியில் இருந்து இரண்டு மூன்று விநாடி 'ம்ம்ம்' என்று மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கப் படத்தைப் பார்த்து பம்ப் ஃபியூஸை உருவி, நடுக்கம்பி அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அறுந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். சிகரெட் தாள் வெள்ளியைச் சுற்றி வைத்து ஓட்டுகிற பழைய கைவேலை இப்போது வண்டியை எரித்துவிடும். ஃபியூஸ் நன்றாக இருந்தால் பம்ப் ரிலேயை உருவிவிட்டு அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் குத்திப் பாருங்கள். பம்ப் சத்தம் வந்துவிட்டதா? ஹாரன் இல்லாமல் மலை இறங்க முடியாது, புது ரிலே வாங்கிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எஸ்டேட் பக்கம் நிறுத்திய வண்டி என்றால் எலியைச் சந்தேகப்படுங்கள். பானெட்டைத் தூக்கினால் இன்ஜின் மூடிக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையில் காய்ந்த சில்வர் ஓக் இலையும் சணல் நாரும் கடித்துப் போட்ட காபிக் கொட்டையும் ஒரு கூடாகக் கிடக்கும், ஓடி வந்த வண்டியின் சூட்டுக்கு ராத்திரி வந்து படுத்துவிட்டு, பொழுது போகாமல் வயரைக் கடித்திருக்கும். டார்ச்சடித்துப் பாருங்கள், கறுப்பு உறை உரிந்து செம்பு மின்னுகிற இடம் தெரியும். இஞ்செக்டர் வயரும் சென்சார் வயரும் மெல்லியவை, இன்சுலேஷன் டேப் சுற்றித் தற்காலிகமாக ஓட்டலாம், ஆனால் இரண்டு மூன்று வயர் அறுந்து கிடந்தால் எதை எதோடு சேர்ப்பது என்று ஊகிக்காதீர்கள். ராத்திரி பானெட்டைத் திறந்தே வைத்துவிடுவது எஸ்டேட்காரர்கள் சிலர் செய்கிற வேலை. இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் எலிக்கு அங்கே வேலை இல்லை.

பலமுறை செல்ஃப் அடித்து பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால் பொறி விடும் பிளக் நனைந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், பெரும்பாலான இஞ்செக்ஷன் கார்களில் அப்போது இசியூ பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். பழைய மாருதி 800, அம்பாசிடர் போன்ற கார்புரேட்டர் வண்டிகளுக்கு மலை உயரமே ஒரு தொந்தரவு: 1500 மீட்டரில் காற்று அடர்த்தி குறைவு, அதே அளவு பெட்ரோல் அங்கே அதிகமாகிவிடும். ஏறி வந்த சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைப்பதும் உண்டு, பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டால் தானே சரியாகும்.

இஞ்செக்ஷன் காரும் சூட்டில் நின்று ஆறினால் கிளம்புகிறது என்றால் அது வேறு: பெரும்பாலும் இன்ஜின் சுற்றுவதை இசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். பழகிப்போய் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், ஒருநாள் வளைவில் நிறுத்திவிடும். ஆன்லைனில் கிடைக்கும் சின்ன ஓபிடி கருவியை (இசியூ பதிந்து வைத்த கோளாறைப் படிப்பது) ஸ்டியரிங் அடியில் மாட்டி போனில் பார்த்தால் பி0335 (P0335) என்ற கோளாறு எண் வரலாம், வந்தால் கிராங்க் சென்சாரும் அதன் வயரும்தான் முதல் சந்தேகம்.

டேஷ்போர்டில் சாவி படமோ பூட்டுப் படமோ மின்னிக்கொண்டே இருந்தால், அல்லது கிளம்பி இரண்டே விநாடியில் அணைந்தால், வண்டியின் திருட்டுத் தடுப்புப் பூட்டான இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணாமல் இருக்கலாம். சாவிக்கொத்தில் இருக்கும் மற்ற வண்டிச் சாவிகளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், மாற்றுச் சாவி இருந்தால் அதைப் போடுங்கள்.

டீசல் வண்டி

சாவியை ஆன் செய்ததும் சுருள் போன்ற ஹீட்டர் விளக்கு வரும், அது அணையும் வரை பொறுங்கள். குளிரில் அவசரப்பட்டு அடித்தால் வெள்ளைப் புகையோடு இருமிவிட்டு நிற்கும். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தால் விளக்கு காட்டும், அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி வடித்துவிடலாம். டேங்க் வறண்டு மறுபடி ஊற்றியிருந்தால் குழாயில் காற்று நிற்கும், கை பம்ப் உள்ள மாடல்களில் அது கெட்டியாகும் வரை அமுக்க வேண்டும். இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திக் காற்று எடுப்பது பழைய இன்ஜினோடு போயிற்று, இன்றைய காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) இன்ஜினில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

உடனே கையை எடுக்க வேண்டிய இடங்கள்

செல்ஃப் வழக்கத்தை விட வேகமாக, தடையே இல்லாமல் 'விர்ர்' என்று ஒரே சீராகச் சுற்றினால், வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் வால்வில் பிஸ்டன் இடிக்க வாய்ப்புண்டு. நிறுத்திவிடுங்கள்.

மழைத் தண்ணீரில் இறங்கி நின்ற வண்டி, சேலத்தில் ஒரு நல்ல மழைக்கு இது சகஜம், அதற்கு செல்ஃபே கொடுக்காதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டெம்பரேச்சர் முள் மேலே போய் நின்ற வண்டியிலும் முழுக்க ஆறும் வரை எதையும் தொடாதீர்கள், ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

ஆள் கூப்பிடும்போது

இன்சூரன்ஸில் சாலை உதவி தனியாகச் சேர்த்திருக்கலாம், பாலிசியை எடுத்துப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில், தொப்பூர் பக்கம் நின்றால் 1033-க்கு அழைக்கலாம், ஏற்காடு மலை ரோடு தேசிய நெடுஞ்சாலை கிடையாது. கயிறு கட்டி இழுத்து மலை இறக்குவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் பெடல் கல்லாகிவிடும் என்று மேலே சொன்னதுதான் காரணம். மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டி வர வேண்டும், ஆட்டோமேட்டிக்கென்றால் கட்டாயம் அதுதான்.

மெக்கானிக்கிடம் போனில் சொல்ல வேண்டியவை: மாடல், வருடம், பெட்ரோலா டீசலா, செல்ஃப் எடுக்கிறதா, எடுத்தால் என்ன சத்தம், விளக்கு மங்குகிறதா, பம்ப் சத்தம் கேட்டதா, குளிர்ந்த வண்டியா ஓடிச் சூடான வண்டியா, கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள். போன வாரம் மியூசிக் சிஸ்டமோ கேமராவோ மாட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவர் மலை ஏறும்போதே தேவையான சாமானை எடுத்துக்கொண்டு வருவார்.